பெரிய வெள்ளியன்று பிள்ளை யாரிடம்? டர்பன் தமிழ்க் குடும்பம் ஒன்றின் மணமுறிவு வழக்கு

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் இலவசச் சட்ட ஆலோசனை தேடி வரும் தமிழ் பேசுவோருக்கு உடனிருந்து உதவும் பணியில் நான் கண்ட சில வழக்குகளின் நிகழ்வுகளைச் சேர்த்து எழுதியது இந்த ஆய்வு. யாரையும் அடையாளம் கண்டுவிடக் கூடாது என்பதற்காக வயது, தொழில், குடியிருப்பு ஆகியவற்றை மாற்றியிருக்கிறேன். சட்டமும் இதையே கேட்கிறது. விவாகரத்து வழக்கின் விவரங்களை வெளியிடுவதற்கு இருந்த பரந்த தடையை 2009 இல் ஜான்காம் வழக்கில் அரசியலமைப்பு நீதிமன்றம் நீக்கியபோது, பெற்றோரையோ பிள்ளையையோ அடையாளம் காட்டும் எதையும் வெளியிடக் கூடாது என்ற கட்டுப்பாட்டை அந்த இடத்தில் வைத்தது.

வழக்கின் பின்னணி

தாய் திருச்சி மாவட்டத்தில் பிறந்து வளர்ந்தவர், வயது 33. தந்தை டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் பிறந்தவர்; கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக நேட்டாலுக்கு வந்தவர்களின் வழியில் நான்காம் தலைமுறை. உறவினர் மூலம் பேசி முடித்த சம்பந்தம். கோயிலில் தாலி கட்டியதோடு திருமணத்தைப் பதிவும் செய்திருந்தார்கள். ஒரே மகள், வழக்குத் தொடங்கியபோது 7 வயது, இரண்டாம் வகுப்பு. அவளுக்கு ஆஸ்துமா இருந்தது என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் தேவைப்படும்.

தந்தைக்கு ஜோகன்னஸ்பர்க்கில் வேலை கிடைத்து லெனேசியாவில் வாடகைக்குக் குடியேறினார். மனைவியும் மகளும் சாட்ஸ்வொர்த்தில் மாமனார் மாமியாரோடு இருந்தார்கள். பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பி, சோறூட்டி, தலை பின்னிவிட்டதில் பாதிக்கு மேல் ஆயாதான், அதாவது அப்பாவின் அம்மா. இதற்கிடையில் தந்தையின் வீட்டார் ஒரு பெந்தெகொஸ்தே சபையில் சேர்ந்திருந்தார்கள். மருமகள் மாரியம்மன் கோயிலை விடவில்லை. மணவாழ்க்கை ஏன் முறிந்தது என்பதை நான் எழுதப் போவதில்லை. 1979 ஆம் ஆண்டின் விவாகரத்துச் சட்டத்தின் கீழ் மணவாழ்வு மீட்க முடியாதபடி முறிந்துவிட்டது என்று காட்டினால் போதும். யார் குற்றவாளி என்று நிறுவ வேண்டியதில்லை. இருந்தும் இரு தரப்பும் முதல் சந்திப்பின் பெரும்பகுதியை அதற்கே செலவிடுகிறார்கள். அதைக் கேட்க ஒருவர் வேண்டும் என்பதும் உண்மைதான்.

ஒரு நாள் மாமியாரோடு வாக்குவாதம் முற்றி, தாய் மகளைக் கூட்டிக்கொண்டு மீர்பேங்கில் ஒரு தோழி வீட்டின் பின்கட்டு அறைக்குப் போய்விட்டார். சேலைக்கு ரவிக்கை தைத்துக் கொடுத்து வந்த வருமானம் வாடகைக்கும் உணவுக்கும் சரியாக இருந்தது. தாத்தாவும் ஆயாவும் தேடி வந்தபோது கேட்டைத் திறக்கவில்லை. தந்தை பணம் அனுப்புவதை நிறுத்தினார். "பிள்ளையைக் காட்டு, பணம் அனுப்புகிறேன்" என்று அவர் வாட்ஸாப்பில் எழுத, "பணம் வரட்டும், காட்டுகிறேன்" என்று இவர் பதில் எழுத, மூன்று மாதம் ஓடியது. இரண்டு செய்திகளுமே பின்னர் நீதிமன்றக் கோப்பில் இணைப்புகளாக வந்தன. இரண்டுமே எழுதியவருக்கு எதிராகத்தான் பேசின.

இந்த நிலையில்தான் தாய் எங்களிடம் வந்தார். விவாகரத்தைப் பற்றி அவர் கேட்கவில்லை. "அக்கா, பாப்பாவுக்குப் பாஸ்போர்ட் மட்டும் எடுத்துக் கொடுத்துடுங்க. நான் ஊருக்கே போயிடறேன், யாருக்கும் தொந்தரவு இல்லை" என்றார்.

பாஸ்போர்ட் ஏன் கிடைக்கவில்லை

2005 ஆம் ஆண்டின் 38 ஆம் எண் சிறுவர் சட்டத்தில் 18 ஆம் பிரிவை இப்படி வரும் தாய்மாருக்கு முதல் நாளே எடுத்துச் சொல்ல வேண்டும். பெற்றோரின் பொறுப்பும் உரிமையும் நான்கு கூறுகள்: பிள்ளையைப் பராமரிப்பது, பிள்ளையோடு தொடர்பில் இருப்பது, சட்டப்படி பாதுகாவலராக இருப்பது, வாழ்க்கைச் செலவில் பங்கு கொடுப்பது. திருமணமான தாய் தந்தை இருவருமே பாதுகாவலர்கள். விவாகரத்தால் மட்டும் அது மாறிவிடுவதில்லை. பிள்ளையின் திருமணம், தத்து, பிள்ளையின் பெயரில் உள்ள நிலம் வீட்டை விற்பது, பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பிப்பது, பிள்ளை நாட்டைவிட்டு வெளியே போவது ஆகியவற்றுக்குப் பாதுகாவலர் எல்லோருடைய சம்மதமும் வேண்டும். ஒருவர் மறுத்தால் நீதிமன்றம்தான் வழி.

வேறு வழியில் எப்படியாவது போய்விட்டால் என்ன ஆகும் என்று கேட்டார். கேட்க வேண்டிய கேள்விதான். பலர் கேட்காமலே செய்துவிடுகிறார்கள். குழந்தைக் கடத்தல் பற்றிய 1980 ஆம் ஆண்டின் ஹேக் உடன்படிக்கையில் தென்னாப்பிரிக்கா உறுப்பு நாடு. இந்தியா அதில் சேரவில்லை. ஆகவே இங்கிருந்து இந்தியாவுக்குக் கொண்டுபோன பிள்ளையை அந்த உடன்படிக்கையின் வழியாகத் திரும்ப அழைக்க முடியாது. அங்குள்ள நீதிமன்றத்தில் புதிதாக வழக்குப் போட வேண்டும். அயல்நாட்டு நீதிமன்ற உத்தரவு பிள்ளையின் நலனை ஆராயும்போது கருத்தில் கொள்ளும் காரணிகளில் ஒன்று மட்டுமே என்று இந்திய உச்ச நீதிமன்றம் 2017 இல் நித்யா ஆனந்த் ராகவன் வழக்கில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது.

இந்தச் செய்தி தாய்க்குச் சாதகம் போலத் தோன்றும். நடப்பில் அவருக்கு அதுவே பாதகம். திரும்பி வராத ஆபத்து உள்ள நாடு என்பதால் தென்னாப்பிரிக்க நீதிமன்றம் இந்தியப் பயணத்துக்கு அனுமதி தரும் முன் பலமுறை யோசிக்கும். ரகசியமாகப் போக முயன்றார் என்று தெரிந்தால், பிள்ளையை அவரிடம் விட்டுவைக்கலாமா என்ற கேள்வியே எழும். மேலும் பள்ளி, மருத்துவர், தாத்தா, ஆயா, ஆங்கிலத்தில் பேசிப் பழகிய தோழிகள் என்று 7 வயது வரை அவள் அறிந்த உலகம் முழுவதும் டர்பனில்தான் இருந்தது. ஊருக்குப் போவது தாய்க்கு ஆறுதல். மகளுக்கு அது இரண்டாவது பிரிவு. இதை அவரிடம் நேராகவே சொன்னோம். அழுதார், ஆனால் கேட்டுக்கொண்டார்.

இடையில் வரும் ஒரு கேள்விக்கும் இங்கேயே பதில் சொல்லிவிடலாம். கோயிலில் மட்டும் தாலி கட்டி, பதிவு செய்யாத தம்பதியர் இங்கே இன்னும் இருக்கிறார்கள். அத்தகைய இந்துத் திருமணத்தைத் திருமணச் சட்டத்தின் கீழ்ச் செல்லும் திருமணமாக ஏற்க டர்பன் உயர் நீதிமன்றம் 2007 இல் சிங் எதிர் ராம்பர்சாத் வழக்கில் மறுத்துவிட்டது. அதனால் விவாகரத்து நீதிமன்றத்தில் அவர்களுக்குச் சிக்கல் உண்டு. ஆனால் சிறுவர் சட்டம், தன் தேவைக்காக, சமய முறைப்படி நடந்த மணத்தையும் திருமணம் என்ற வரையறைக்குள் சேர்த்துக்கொள்கிறது. பதிவில்லை என்று சொல்லித் தந்தையைப் பிள்ளையிடமிருந்து விலக்கவோ, தந்தை தன் பொறுப்பிலிருந்து நழுவவோ இடமில்லை.

இடைக்கால ஏற்பாடு

இந்த வழக்கில் என் மனத்தில் அழுத்தமாகப் பதிந்தது ஒன்றுதான்: இறுதித் தீர்ப்பைவிட இடைக்கால ஏற்பாடே பிள்ளையின் வாழ்க்கையைத் தீர்மானிக்கிறது. விவாகரத்து முடிய ஓராண்டோ அதற்கு மேலோ ஆகலாம். அதற்குள் பிள்ளை எங்கே தூங்கி, எங்கே படித்து, யாரை எத்தனை முறை பார்த்ததோ அதுவே அதன் வழக்கமாகிவிடும். சிறுவர் சட்டத்தின் 7 ஆம் பிரிவு, பிள்ளையின் நலனை எடைபோடும்போது சூழல் மாற்றம் அதைப் பாதிக்குமா என்பதையும் பார்க்கச் சொல்கிறது. ஆகவே நிலைபெற்றுவிட்ட ஏற்பாட்டைக் கலைக்க நீதிபதி தயங்குவார். முதல் வாரங்களில் யாரையும் கேட்காமல் எடுக்கும் முடிவுகள் ஓராண்டுக்குப் பிறகு நீதிமன்றத்தில் உண்மை நிலை என்ற பெயரில் வந்து நிற்கும். வக்கீலைப் பார்ப்பது விவாகரத்து மனு போடும் நாளில்தான் என்று எண்ணுவது நம்மவர்களிடம் பரவலாக இருக்கிறது. பிள்ளையோடு வீட்டைவிட்டுக் கிளம்புவதற்கு முந்தைய நாள்தான் சரியான நாள்.

இந்தத் தாய்க்கு வருமான வரம்புச் சோதனையில் தகுதி இருந்ததால் லீகல் எய்ட் என்ற இலவசச் சட்ட உதவி அமைப்பின் வழியாக வழக்கறிஞர் கிடைத்தார். லீகல் எய்ட் தென்னாப்பிரிக்காவின் இலவச ஆலோசனை எண் 0800 110 110. டர்பனில் குவாசுலு-நேட்டால் பல்கலைக்கழகத்தின் சட்ட உதவி மையமும் வசதியற்றவர்களுக்கு உதவுகிறது. 2010 ஆகஸ்ட் முதல் மண்டல நீதிமன்றங்களும் விவாகரத்து வழக்குகளை விசாரிக்கின்றன. உயர் நீதிமன்றத்தைவிட அங்கே செலவு குறைவு என்பதால் வழக்கறிஞர் மண்டல நீதிமன்றத்தையே தேர்ந்தெடுத்தார்.

சம்மனோடு, அந்த நீதிமன்ற விதிகளில் 58 ஆம் விதியின் கீழ் இடைக்கால மனுவும் போனது. உயர் நீதிமன்றமாக இருந்தால் இதே வேலையை 43 ஆம் விதி செய்யும். மனுதாரர் ஒரு பிரமாணப் பத்திரம், எதிர்த்தரப்பு 10 நாளுக்குள் ஒரு பதில், சுருக்கமான விசாரணை, உத்தரவு. சூழ்நிலை பெரிதாக மாறினால் திருத்தம் கேட்கலாமே தவிர, இந்த உத்தரவுக்கு மேல்முறையீடு இல்லை. அதனால்தான் அந்த ஒரு பிரமாணப் பத்திரம் அவ்வளவு முக்கியம். தாய் முதலில் சொன்னபடி எழுதியிருந்தால் அது மாமியாரைப் பற்றிய புகார்ப் பட்டியலாக இருந்திருக்கும். வழக்கறிஞர் அவரிடம் வேறு கேள்விகளைக் கேட்டார். பிள்ளை எத்தனை மணிக்கு எழுகிறாள்? பள்ளிக்கு யார் கூட்டிப்போகிறார்கள்? இன்ஹேலர் எந்த நிறம், எப்போது தருவது? ஆசிரியை பெயர் என்ன? கடைசியாக மருத்துவரிடம் போனது எப்போது, யாரோடு? பதில்கள் தயங்காமல் வந்தன. நீதிபதி பார்க்க வேண்டிய தாய் அந்தப் பதில்களில் இருந்தார். அதே பத்திரத்தில், மூன்று மாதம் பிள்ளையைக் காட்டாமல் வைத்திருந்ததையும் மறைக்காமல் எழுதி, அடுத்த சனிக்கிழமையே தாத்தா ஆயாவிடம் அனுப்பத் தயார் என்று சேர்த்தார்கள். அந்த ஒரு வரிதான் வழக்கின் போக்கை மாற்றியது என்பது என் கருத்து. தந்தையின் பதிலில் இருந்த சூடு தணிந்ததும் அதற்குப் பிறகுதான்.

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். இந்த வீட்டில் அடிதடியோ மிரட்டலோ இருந்ததாக எந்தத் தரப்பும் சொல்லவில்லை. இருந்திருந்தால் வழி முற்றிலும் வேறு: 1998 ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டத்தின் கீழ்ப் பாதுகாப்பு உத்தரவு முதலில் வந்திருக்கும், தந்தையின் சந்திப்பு மூன்றாவது ஒருவரின் மேற்பார்வையில் மட்டுமே நடக்க நேர்ந்திருக்கலாம். அடி வாங்கும் ஒரு பெண், பிள்ளையோடு ஓடி வந்ததற்காக எவரிடமும் தயங்கி நிற்க வேண்டியதில்லை.

ஃபேமிலி அட்வகேட் விசாரணை

குழந்தை சம்பந்தப்பட்ட விவாகரத்தில் பிள்ளைகளுக்கான ஏற்பாடு திருப்தியானது, அல்லது அந்தச் சூழலில் இயன்றதில் சிறந்தது என்று நீதிமன்றம் மனநிறைவு அடையாதவரை விவாகரத்தே கிடைக்காது. விவாகரத்துச் சட்டத்தின் 6 ஆம் பிரிவு அப்படிச் சொல்கிறது. அதற்குத் துணையாக 1987 ஆம் ஆண்டின் 24 ஆம் எண் சட்டம் ஃபேமிலி அட்வகேட் அலுவலகத்தை அமைத்தது. சம்மனோடு பிள்ளைகளின் விவரங்களை நிரப்பி அனுப்பும் படிவம் 'அ'. விசாரணை வேண்டுமென்றால் படிவம் 'ஆ'. இந்த அலுவலகம் யாருடைய வக்கீலும் அல்ல. பணம் வாங்குவதும் இல்லை. அங்குள்ள சட்டம் படித்த அலுவலரும், பெரும்பாலும் சமூகப் பணியாளராக இருக்கும் குடும்ப ஆலோசகரும் பெற்றோரைத் தனித்தனியாகவும் பிள்ளையோடு சேர்த்தும் பார்த்து, நீதிமன்றத்துக்கு அறிக்கை தருகிறார்கள். அறிக்கை நீதிபதியைக் கட்டுப்படுத்தாது. ஆனாலும் அதை மீறிய தீர்ப்புக்கு வலுவான காரணம் வேண்டியிருக்கும்.

தாய் இந்தச் சந்திப்பைத்தான் மிகவும் அஞ்சினார். தன் ஆங்கிலம் போதாது என்றும், கணவர் வீட்டார் அழகாகப் பேசி வென்றுவிடுவார்கள் என்றும் நினைத்தார். மகளுக்கு என்ன சொல்ல வேண்டும் என்று சொல்லிக் கொடுக்கலாமா என்று கேட்டார். கூடவே கூடாது என்று சொன்னோம். சிறுவர் சட்டத்தின் 10 ஆம் பிரிவு, வயதும் முதிர்ச்சியும் உள்ள பிள்ளை தன்னைப் பற்றிய முடிவில் பங்கு கொள்ளவும், தன் கருத்துக்கு உரிய மதிப்புப் பெறவும் உரிமை தருகிறது. 7 வயதுப் பிள்ளையிடம் யாரோடு இருக்க வேண்டும் என்று நேராகக் கேட்கும் பழக்கம் ஆலோசகர்களுக்கு இல்லை; சொல்லிக் கொடுத்த வாசகம் வந்தால் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள்.

அன்று அவள் சொன்னவற்றில் ஒன்று அறிக்கையில் அப்படியே இடம்பெற்றது. ஆயா வீட்டுக்குப் போகும்போது பம்ப்பை மறந்துவிட்டால் அம்மாவும் ஆயாவும் சண்டை போடுவார்கள், அதனால் அதைத் தன் சாக்ஸுக்குள் வைத்துக்கொள்வதாகச் சொன்னாளாம். அவள் பம்ப் என்றது இன்ஹேலரை. மீர்பேங்க் தொழிற்சாலைகள் சூழ்ந்த தெற்கு டர்பனில் இருக்கிறது; ஆஸ்துமா உள்ள பிள்ளைக்கு அங்கே இன்ஹேலர் இல்லாமல் ஒரு நாள் கூட ஓடாது. ஆலோசகர் பெற்றோர் இருவரையும் அழைத்து, வேறெதையும் பேசும் முன், இரண்டு வீட்டிலும் ஆளுக்கொரு இன்ஹேலர் இருக்க வேண்டும் என்று அன்றே ஒப்புக்கொள்ள வைத்தார். இருவரும் கையெழுத்திட்ட முதல் உடன்பாடு அதுதான்.

பரிந்துரை இப்படி வந்தது: மகள் தாயிடம் வசிக்க வேண்டும், இருவரும் பாதுகாவலராகத் தொடர வேண்டும், தந்தையோடும் அவர் வழித் தாத்தா ஆயாவோடும் தொடர்பு தவறாமல் நடக்க வேண்டும். தாய் என்பதற்காக மட்டும் பிள்ளை தாயிடம் விடப்படவில்லை. 1994 இல் கேப் உயர் நீதிமன்றம் மெக்கால் வழக்கில் வகுத்த அளவுகோல்களும், பிறகு சிறுவர் சட்டத்தின் 7 ஆம் பிரிவில் இடம்பெற்ற காரணிகளும் தாய் என்பதற்காக மட்டும் முன்னுரிமை தருவதில்லை. அன்றாடம் பிள்ளையின் தேவையை நிறைவேற்றும் திறன், உறவின் நெருக்கம், நிலைத்தன்மை போன்றவற்றைப் பார்க்கின்றன. இந்தத் தந்தை டர்பனிலேயே இருந்து, நாள்தோறும் பிள்ளையைக் கவனித்தவராக இருந்திருந்தால் முடிவு வேறாக இருந்திருக்கலாம்.

திட்டம் எழுதிய விதம்

சிறுவர் சட்டத்தின் 33 ஆம் பிரிவு, பொறுப்புகளைச் செலுத்துவதில் பெற்றோருக்குள் சிக்கல் வந்தால் நீதிமன்றத்தை நாடும் முன் பேரன்டிங் பிளான் எனப்படும் பெற்றோர் திட்டம் ஒன்றில் உடன்பட முயல வேண்டும் என்கிறது. ஃபேமிலி அட்வகேட், சமூகப் பணியாளர், உளவியலாளர் ஆகியோரில் ஒருவரின் உதவியோடோ, தகுதியுள்ள ஒருவரின் சமரசப் பேச்சின் மூலமோ அதை உருவாக்க வேண்டும். பிறகு எழுத்தில், கையெழுத்தோடு, ஃபேமிலி அட்வகேட்டிடம் பதியலாம், அல்லது நீதிமன்ற உத்தரவாக்கலாம். கட்சிக்காரரைச் சமரசத்துக்கு அனுப்பாமல் வழக்கை வளர்த்த இரு தரப்பு வழக்கறிஞர்களின் கட்டணத்தையும் ஜோகன்னஸ்பர்க் உயர் நீதிமன்றம் மட்டுப்படுத்திய ஒரு தீர்ப்பு 2010 ஆம் ஆண்டுத் தீர்ப்புத் தொகுப்புகளில் இருக்கிறது. எல்லா வழக்கறிஞர் அறையிலும் அது ஒட்டப்பட வேண்டும் என்று நான் நினைப்பதுண்டு.

இந்தக் குடும்பத்தின் முதல் வரைவில் சந்திப்பு பற்றி ஒரே வரி இருந்தது: தந்தைக்கு நியாயமான தொடர்பு உண்டு. இந்த வரி பல உத்தரவுகளில் இருக்கிறது. இதைவிட ஆபத்தான வரி வேறில்லை. நல்லுறவில் இருக்கும் பெற்றோருக்கு இது போதும். சண்டையில் இருப்பவர்களுக்கு ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் புதிய சண்டையாகிவிடும். ஆகவே வழக்கறிஞர்கள் இருவரும் சமரசப் பேச்சாளரோடு உட்கார்ந்து நாள்காட்டியை விரித்தார்கள்.

லெனேசியாவுக்கும் டர்பனுக்கும் இடையே ஏறத்தாழ 600 கிலோமீட்டர். ஒன்றுவிட்ட வார இறுதிகள் என்ற வழக்கமான ஏற்பாடு இங்கே வெறும் எழுத்து. சந்திப்பின் நடைமுறைச் சிரமத்தையும் செலவையும் எடைபோடச் சட்டமே சொல்கிறது. எனவே மாதம் ஒரு வார இறுதிக்குத் தந்தை டர்பன் வர வேண்டும். வெள்ளி மாலை 5 மணிக்குத் தாத்தா மீர்பேங்க் வந்து பிள்ளையை அழைத்துச் செல்வார், ஞாயிறு 5 மணிக்குத் திரும்ப விடுவார். ஏப்ரல், ஜூலை, செப்டம்பர் பள்ளி விடுமுறைகளில் பாதி, டிசம்பர் நீண்ட விடுமுறையில் பாதி தந்தையிடம். புதன், ஞாயிறு இரவு 6.30 க்கு வீடியோ அழைப்பு. அழைப்பு எடுபடாவிட்டால் மறுநாள் அதே நேரம்.

தாத்தா ஆயாவுக்குத் தனியாக ஒரு சனிக்கிழமை வேண்டும் என்று தந்தை கேட்டார். சிறுவர் சட்டத்தின் 23 ஆம் பிரிவின்படி பிள்ளையின் நலனில் அக்கறை உள்ள எவரும் தொடர்புக்கோ பராமரிப்புக்கோ நீதிமன்றத்தை நாடலாம். தாத்தா பாட்டியும் அதில் அடங்குவர். வழக்கு வரை போகாமல் தாயே ஒப்புக்கொண்டார். "அத்தை மேல எனக்கு ஆயிரம் கோபம் இருக்கு. ஆனா பாப்பாவுக்கு அவங்க சோறு ஊட்டினதை நான் மறக்கலை" என்றார். பதினைந்து நாளுக்கு ஒரு சனிக்கிழமை, காலை 9 முதல் மாலை 5 வரை என்று எழுதினார்கள்.

மிக நீண்ட பேச்சு நடந்தது சமயத்தைப் பற்றி. பிள்ளை இந்துவாக மட்டுமே வளர வேண்டும் என்ற பிரிவு வேண்டுமென்று தாய் பிடிவாதமாக இருந்தார். சபைக்கு மட்டுமே போக வேண்டும் என்று எழுதித் தரும்படி தந்தை கேட்டார். 2003 ஆம் ஆண்டுத் தீர்ப்புத் தொகுப்புகளில் உள்ள கோட்சே வழக்கை வழக்கறிஞர் எடுத்துக் காட்டினார். பிள்ளையை ஒரு குறிப்பிட்ட திருச்சபையில் வளர்ப்பதாகப் பெற்றோர் இருவரும் ஒப்புக்கொண்டு எழுதிய பிரிவையே நீதிமன்றம் அங்கே உத்தரவாக்க மறுத்தது. சமய விஷயத்தில் வளரும் பிள்ளையின் சுதந்திரத்தை முன்கூட்டிக் கட்டிப் போடுவது அதன் நலனுக்கு உகந்ததல்ல என்று கருதியது. பெற்றோர் ஒப்புக்கொண்டதையே ஏற்காத நீதிமன்றம், இங்கே ஒருவர் மற்றவர் மீது திணிப்பதை எப்படி ஏற்கும்? இரண்டு பிரிவுகளும் வரைவிலிருந்து நீங்கின. அவரவர் நேரத்தில் அவரவர் வழிபாட்டுக்கு அழைத்துச் செல்லலாம், மற்றவரின் நம்பிக்கையைப் பிள்ளையின் முன் இழிவாகப் பேசக் கூடாது, ஞானஸ்நானமோ காது குத்தோ போன்ற சடங்குக்கு இருவரின் எழுத்துச் சம்மதம் வேண்டும் என்று மட்டும் எழுதினார்கள்.

பிறகும் ஒரு நாள் மிச்சம் இருந்தது. டர்பனை அறிந்தவர்களுக்குத் தெரியும்: இசிப்பிங்கோ மாரியம்மன் கோயிலின் பெரிய திருவிழா ஈஸ்டர் வாரத்தில் வருகிறது, பெரிய வெள்ளியன்று பல்லாயிரம் பேர் கோழியும் பாலும் கொண்டு அங்கே நேர்த்திக்கடன் செலுத்தப் போகிறார்கள். பிறந்தது முதல் ஒவ்வோர் ஆண்டும் மகளை அங்கே தூக்கிப் போனவர் தாய். தந்தையின் சபைக்கும் அதுவே ஆண்டின் தலையாய நாள். பொது விடுமுறைகளை மாறி மாறிப் பகிர்வது என்ற வழக்கமான வாசகத்தை எழுதியிருந்தால் ஒரு தரப்பு ஆண்டுதோறும் அழுதிருக்கும். சமரசப் பேச்சாளர் அந்த நான்கு நாளையும் தனியாக எடுத்தார். வெள்ளி காலை முதல் பிற்பகல் 2 வரை தாயோடு கோயில், 2 மணிக்குத் தாத்தா வீட்டுக்குப் போய் மாலை ஆராதனை, சனி அங்கேயே, ஞாயிறு காலை ஈஸ்டர் ஆராதனை முடிந்து, உணவுக்குப் பின் தாயிடம். தீபாவளி எல்லா ஆண்டும் தாயிடம், கிறிஸ்துமஸ் எல்லா ஆண்டும் தந்தையிடம். ஆடி மாதக் கூழ் ஊற்றுதலும் புரட்டாசி விரதமும் பெரும்பாலும் பள்ளி நாட்களில் வருவதால் அவற்றைப் பற்றி எழுத வேண்டியிருக்கவில்லை. மகளிடம் விளக்கியபோது, வெள்ளிக்கிழமை அன்று பாவாடையோடு சர்ச்சுக்குப் போகலாமா, மாற்றிக்கொள்ள வேண்டுமா என்று மட்டும் கேட்டாளாம். மாற்று உடை பையில் இருக்கும் என்று தாய் சொன்னார்.

பணமும் விசாவும்

ஜீவனாம்சத்தையும் சந்திப்பையும் சட்டம் ஒன்றோடொன்று முடிச்சுப் போடுவதில்லை. பணம் வராததால் பிள்ளையைக் காட்ட மறுக்க முடியாது. பிள்ளையைக் காட்டாததால் பணத்தை நிறுத்தவும் முடியாது. தொகையை வழங்காதவர் மீது 1998 ஆம் ஆண்டின் பராமரிப்புத் தொகைச் சட்டத்தின் கீழ் நடவடிக்கை எடுக்கலாம். நீதிமன்ற உத்தரவோ பதிவு செய்த திட்டமோ தந்த தொடர்பைத் தடுப்பவருக்குச் சிறுவர் சட்டத்தின் 35 ஆம் பிரிவில் அபராதமோ ஓராண்டு வரை சிறையோ காத்திருக்கிறது. அதே பிரிவின்படி, பிள்ளையோடு வீடு மாறினால் உடனே எழுத்தில் மற்றவருக்கு அறிவிக்க வேண்டும். இதைத் தாய்க்கு இரண்டு முறை சொன்னோம். பின்கட்டு அறை நிரந்தரம் அல்ல.

தாயின் உள்ளே எரிந்துகொண்டிருந்த பயம் வேறு. கணவரின் மனைவி என்ற தகுதியில் பெற்ற விசா, விவாகரத்தானதும் செல்லாமல் போய்விடுமோ, நாட்டைவிட்டுப் போகச் சொல்வார்களோ, அப்போது மகள் இங்கேயே நின்றுவிடுவாளோ என்பது. பாஸ்போர்ட் கேட்டு வந்ததன் உண்மைக் காரணம் இதுதான் என்பது நான்காவது சந்திப்பில்தான் வெளிவந்தது. 2023 டிசம்பரில் அரசியலமைப்பு நீதிமன்றம் ரேமென்ட், ஆண்டர்சன் வழக்குகளில், தென்னாப்பிரிக்கப் பிள்ளைக்குத் தாயாகவோ தந்தையாகவோ பொறுப்பைச் செலுத்தும் அயல்நாட்டவர், வாழ்க்கைத் துணையோடான உறவு முடிந்ததற்காக வேலையை விட்டு நாட்டைவிட்டு வெளியேற வேண்டிவரும் வகையில் குடிவரவுச் சட்டப் பிரிவுகள் இருப்பது அரசியலமைப்புக்கு முரண் என்று தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பின் அடிப்படையில் குடிவரவு வழக்கறிஞர் ஒருவரிடம் அவரை அனுப்பினோம். பயம் இறங்கியதும் திருச்சிக்கே போய்விடும் பேச்சும் நின்றது. விவாகரத்து விஷயத்தில் ஆலோசனை சொல்பவர்கள் விசா நிலையை முதல் சந்திப்பிலேயே கேட்டுவிட வேண்டும். மறைக்கப்பட்ட பயம் எல்லாப் பேச்சையும் கோணலாக்கும்.

முடிவும் அதன்பின்னும்

திட்டம் உடன்படிக்கையில் இணைக்கப்பட்டு நீதிமன்ற உத்தரவானது. இந்தியப் பயணமும் அதில் இடம்பெற்றது: இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, டிசம்பரில் தாய்க்குரிய பாதியில், திரும்பும் பயணச்சீட்டைக் காட்டி, தங்கும் முகவரியைத் தந்து, ஒவ்வொரு பயணத்துக்கும் தந்தையின் தனிச் சம்மதக் கடிதத்தோடு. தந்தை காரணமின்றி மறுத்தால் நீதிமன்றத்தை நாடலாம். மற்ற நாட்களில் பிள்ளையின் பாஸ்போர்ட் தாயின் வழக்கறிஞரின் பெட்டகத்தில் இருக்கும். அம்மாவழிப் பாட்டி தாத்தாவோடு வாரம் ஒரு வீடியோ அழைப்பும் எழுதப்பட்டது. இதைக் கேட்டவர் தந்தை என்பதை இங்கே பதிந்து வைக்கிறேன்.

எனக்குக் குறையாகப் படுவதும் உண்டு. ஆயா வீட்டில் வளர்ந்த பிள்ளைக்குப் பதினைந்து நாளுக்கு ஒரு சனிக்கிழமை போதாது. இரவு தங்கலைத் தாய் ஏற்கவில்லை, யாரும் அழுத்தவும் இல்லை. டிசம்பரில் லெனேசியாவுக்கான பயணச் செலவை யார் ஏற்பது என்பதும் பாதிப் பாதி என்ற வாசகத்தோடு நின்றுவிட்டது. பஸ்ஸா விமானமா என்பதில் முதல் ஆண்டே தகராறு வந்து, சமரசப் பேச்சாளரிடம் ஒரு மணி நேரத்தில் தீர்ந்தது. மகள் உயர்நிலைப் பள்ளி சேரும் ஆண்டில், அல்லது பெற்றோரில் ஒருவர் வேறு நகரத்துக்குக் குடிபோனால் அதற்கு முன்பு, திட்டத்தை மறுபரிசீலனை செய்ய வேண்டும் என்று கடைசிப் பிரிவு சொல்கிறது. தந்தை டர்பனுக்கே மாற்றல் கேட்டிருக்கிறார். கிடைத்தால் வார நாட்களின் பங்கை மீண்டும் எழுத வேண்டிவரும். அதற்கு இம்முறை இருவரும் சேர்ந்தே நாள் கேட்டிருக்கிறார்கள்.